வயிற்றுக் கொழுப்பை எடுத்துக் கன்னத்தில் நடுகிறார்கள்!

திருக்கடையூர் கோவிலில் அன்று ஒரே கூட்டம். எங்கு திரும்பினாலும் மாலையும் கழுத்துமாக மணமக்கள்!

மணமக்கள் என்றால் சின்னஞ்சிறுசுகள் அல்ல. மாப்பிள்ளைக்கு வயது அறுபது. சிலருக்கு எழுபது, எண்பது. பேரன் பேத்திகள் சுற்றி நின்று அட்சதை போட, தாத்தா பாட்டிக்கு மறுபடியும் தாலி கட்டுகிறார்!

மார்க்கண்டேயனைப் பிடிக்க வந்த எமனைச் சிவன் காலால் உதைத்த தலம் திருக்கடையூர் என்பது நம்பிக்கை. பதினாறு வயதில் சாக வேண்டிய பையன் என்றும் பதினாறாகவே இருந்துவிட்டான். அதனால்தான் ஆயுள் விருத்திக்கு எல்லோரும் அங்கே போகிறார்கள்.

என் பெரியப்பாவுக்கும் அன்று அறுபதாம் கல்யாணம். மன்னார்குடி பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுக்கு. இரண்டு வேன் நிறைய சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள்.

கலசநீர் ஊற்றி முடித்து, புதுத்துணி உடுத்தி, பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்து நின்றார்கள். வீடியோ எடுக்க வந்த பையன் பெரியம்மாவைப் பார்த்தான்.

"மாப்பிள்ளைக்கு அக்காங்களா? கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. பொண்ணைக் கூப்பிடுங்க!" என்றான்.

சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. எனக்குத் தெரிந்தது.

பெரியப்பாவை விடப் பெரியம்மா ஆறு வயது இளையவர்!

இரண்டு போட்டோ

ஊருக்குத் திரும்பிய பத்தாம் நாள் நான் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பழைய கல்யாணப் போட்டோ மாட்டியிருக்கும். அன்று அது சுவரில் இல்லை. பெரியம்மாவின் மடியில் இருந்தது. பக்கத்தில் திருக்கடையூர் போட்டோ.

"தம்பி, நீதான் பேப்பர்ல என்னென்னமோ எழுதுறியே. இந்தக் கன்னம் எங்கேப்பா போச்சு? இங்கே இருக்கு, அங்கே இல்லை. யாரு எடுத்துக்கிட்டுப் போனா?" என்று கேட்டார்.

வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் வேடிக்கை இல்லை. தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு நோட்டீசை எடுத்து நீட்டினார். பக்கத்து டவுனில் புதிதாகத் திறந்த ஓர் அழகு நிலையத்தின் நோட்டீஸ். வயிற்றுக் கொழுப்பை ஊசியில் எடுத்து முகத்தில் ஏற்றுவார்களாம். ஒரே நாளில் இருபது வயது குறைந்துவிடுமாம். ரூபாய் அறுபதாயிரம்!

"சம்பா வித்த பணம் கையிலே இருக்கு. உங்க பெரியப்பாகிட்ட சொல்லலை. உண்மையா, பொய்யான்னு நீ விசாரிச்சுச் சொல்லு" என்றார்.

நான் விசாரித்தேன். நோட்டீசில் பாதி உண்மை, பாதி பொய். உண்மைப் பாதியே போதும், உங்களை வாயில் விரல் வைக்கச் செய்ய!

கன்னம் எங்கே போகிறது?

வயதானால் தோல் சுருங்குகிறது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தோல் மட்டும்தானா?

ஒரு தலையணையை நினைத்துக்கொள்ளுங்கள். புதிதில் இலவம்பஞ்சு நிறைந்து உப்பலாக இருக்கும். உறையில் ஒரு சுருக்கம் இருக்காது. பத்து வருஷம் கழித்துப் பாருங்கள். பஞ்சு அமுங்கி, ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். உறை அதே உறைதான். ஆனால் சுருங்கித் தொங்கும்!

முகமும் இப்படித்தான். தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்புதான் பஞ்சு. அது மேலே குறைகிறது, கீழே சரிகிறது. கண்ணுக்குக் கீழே பள்ளம். கன்னத்தில் குழி. தாடையில் தொங்கல்.

கொழுப்புக்கும் அடியில் இருக்கும் எலும்பும் சும்மா இருப்பதில்லை. கண்குழி அகலமாகிறது. தாடை எலும்பு தேய்கிறது. தோலை நிமிர்த்திப் பிடித்திருக்கும் நார்கள், பழைய கயிற்றுக் கட்டில் போலத் தொய்கின்றன. வெயில் பட்டால் இன்னும் வேகமாகத் தொய்கின்றன.

பெரியப்பா கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதினார். முப்பது வருஷம் மின்விசிறிக்குக் கீழே உத்தியோகம். பெரியம்மா நடவு, களை, அறுப்பு என்று முப்பது வருஷம் வெயிலில் நின்றார். ஆறு வயது இளையவர் அக்காவாகத் தெரிந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

2007-ம் வருஷம் அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்து டாக்டர்கள் ரோரிச், பெசா இருவரும் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்து எழுதினார்கள். இறந்தவர்களின் முகத்தில் நீல மையைச் செலுத்திப் பார்த்தார்கள். மை முகம் முழுவதும் பரவும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பரவவில்லை! ஓர் இடத்தோடு நின்றுவிட்டது. இன்னோர் இடத்தில் செலுத்தினால் அங்கே மட்டும் நின்றது.

முகத்துக் கொழுப்பு ஒரே பரப்பு அல்ல. தனித்தனி பாத்தி! நடுவில் மெல்லிய தடுப்புகள். நம் தஞ்சாவூர் வயல்வெளியை உயரத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும்? வரப்பு கட்டித் துண்டு துண்டாகத் தெரியுமல்லவா? அதே மாதிரி. எல்லா வயலும் ஒரே நாளில் காய்வதில்லை. ஒன்று முன்னால் காய்கிறது, இன்னொன்று பின்னால்.

பெரியம்மா கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். கன்னத்தை யாரும் எடுத்துப் போகவில்லை. அந்த வயல் காய்ந்துவிட்டது.

ஜெர்மன் டாக்டரின் அவரைக்கொட்டை

காய்ந்த வயலில் மறுபடி நடவு செய்தால் என்ன? இந்த யோசனை இன்று நேற்று வந்ததல்ல.

1893-ம் வருஷம். ஜெர்மனி தேசத்தில் கீல் என்ற ஊர். டாக்டர் நியூபர் என்பவரிடம் ஒரு வாலிபன் வந்தான். எலும்பில் நோய் கண்டு, ஆறி, முகத்தில் கண்ணுக்குப் பக்கத்தில் பள்ளமாகத் தழும்பு விழுந்திருந்தது. நியூபர் அவன் கையிலிருந்தே கொஞ்சம் கொழுப்பை வெட்டி எடுத்து அந்தப் பள்ளத்தில் வைத்துத் தைத்தார். பள்ளம் நிரம்பியது!

அவர் ஒரு குறிப்பும் எழுதினார். வைக்கும் துண்டு அவரைக்கொட்டை அளவுக்கு மேல் போகக்கூடாது. போனால் சரியாகப் பிடிக்காது.

இந்தச் சின்னக் குறிப்பில்தான் வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஒருவர் உடம்பிலிருந்தே எடுத்து அவருக்கே ஒட்டுவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. கன்னத்துத் தோலைக் கொண்டு மூக்கு அமைக்கும் முறையைச் சுசுருதர் சொல்லியிருக்கிறார். கோவாஸ்ஜி என்பவரின் கதை உலகப் பிரசித்தம். ஆங்கிலேயர் படையில் மாட்டு வண்டி ஓட்டியவர். 1792 போரில் திப்பு சுல்தான் படையிடம் சிக்கினார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். ஒரு வருஷம் மூக்கில்லாமல் திரிந்தார்.

புனா நகரத்துக்கு அருகில் செங்கல் சுடும் ஜாதியைச் சேர்ந்த ஒருவர் அவருக்கு மூக்கு வைத்தார். மெழுகைத் தட்டி மூக்கு மாதிரி செய்து, அதை நெற்றியில் விரித்து அளவு வரைந்து, அந்த அளவுக்குத் தோலை அறுத்து, புருவ மத்தியில் மட்டும் அறுக்காமல் விட்டு, திருப்பி இறக்கி ஒட்டினார். அறுக்காமல் விட்ட இடத்தின் வழியாக ரத்தம் ஓடியது. இருபத்தைந்து நாள் கழித்துத்தான் அந்தத் தொடர்பைத் துண்டித்தார்!

இரண்டு ஆங்கிலேய டாக்டர்கள் இதைக் கண்ணால் பார்த்தார்கள். 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' படத்தோடு வெளியிட்டது. அதைப் படித்துத்தான் கார்ப்யூ என்ற டாக்டர் 1814-ல் லண்டனில் செய்து பார்த்தார். இன்றைய பிளாஸ்டிக் சர்ஜரிக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

லண்டன் பத்திரிகையில் மூக்கு வந்து நாலு வருஷத்தில் நம் தஞ்சாவூரில் சரபோஜி மகாராஜா பட்டத்துக்கு வந்தார். தன்வந்திரி மகால் என்று வைத்திய சாலை வைத்து, நாட்டு வைத்தியத்தையும் மேல்நாட்டு வைத்தியத்தையும் ஒன்றாக உட்கார வைத்தவர். கண் நோயாளிகளின் கண்களைப் படமாகத் தீட்டி, நோய்க் குறிப்பும் எழுதி வைத்தார்கள். அந்த ஏடுகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. இப்போது 'முன், பின்' என்று இரண்டு படம் போட்டு விளம்பரம் செய்கிறார்களே, அவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். அதில் மருந்தும் நோயும் இருக்கிறது, விலைப்பட்டியல் இல்லை!

மெழுகு உருகிய அழகி

கொழுப்பு வேண்டாம், வேறு எதையாவது அடைத்தால் என்ன என்று குறுக்கு வழி தேடியவர்களும் உண்டு.

1899-ல் வியன்னா நகரத்து டாக்டர் கெர்சூனி பாரபின் மெழுகைத் தோலுக்குள் ஏற்றினார். உடனே ஐரோப்பா முழுவதும் அது நாகரிகமாகிவிட்டது. கிளாடிஸ் டீகன் என்று ஒரு பேரழகி. இருபத்திரண்டாம் வயதில், கிரேக்கச் சிலை போல மூக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டு மூக்குத்தண்டில் மெழுகு ஏற்றிக்கொண்டாள். மெழுகு அங்கே தங்கவில்லை. மெள்ள மெள்ள இறங்கித் தாடைக்கு வந்துவிட்டது! பிற்காலத்தில் மார்ல்பரோ பிரபுவை மணந்து சீமாட்டியானாள். போன முகம் திரும்பவில்லை.

அந்நியப் பொருளை உடம்பு ஏற்காது. சொந்தக் கொழுப்புக்கு அந்தத் தகராறு இல்லை. அதுதான் அதன் பெருமை.

நாற்று நடுவது போல

ஆனால் சொந்தக் கொழுப்புக்கு வேறு தகராறு இருந்தது. வைத்தால் தங்குவதில்லை!

1950-ல் அமெரிக்க டாக்டர் லிண்டன் பியர் கணக்கெடுத்தார். வைத்த கொழுப்பில் ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 45 சதவிகிதம் காணாமல் போகிறது. இன்று பாதி நிரப்பினால் கால் நிற்கும். "இதற்கா இத்தனை பாடு?" என்று பல டாக்டர்கள் கைவிட்டார்கள்.

ஏன் காணாமல் போகிறது? இதைப் புரிந்துகொள்ள நம் விவசாயிகள் காலேஜுக்குப் போக வேண்டாம்.

நாற்றங்காலில் பயிர் ரத்தமும் சதையுமாக இருக்கிறது. பறித்தவுடன் வேர் அறுந்துவிடுகிறது. நட்ட வயலில் அது புது வேர் விட்டால்தான் பிழைக்கும். பத்துப் பன்னிரண்டு நாற்றைக் கொத்தாகச் சேர்த்து ஒரே குழியில் குத்தினால் என்ன ஆகும்? சுற்றிலும் இருப்பது பிழைக்கும். நடுவில் இருப்பது அழுகும். திருந்திய நெல் சாகுபடியில் ஒற்றை நாற்று, 25 சென்டிமீட்டர் இடைவெளி என்று சொல்வது எதற்காக? ஒவ்வொன்றுக்கும் மண்ணும் நீரும் காற்றும் கிடைக்க வேண்டும்.

கொழுப்புக்கும் அதே சட்டம்தான்! எடுத்த இடத்தில் ரத்த ஓட்டம் அறுந்துவிடுகிறது. வைத்த இடத்தில் புது ரத்தக் குழாய் முளைத்து வரும்வரை, பக்கத்துச் சதையிலிருந்து கசியும் பிராணவாயுவை வைத்துத்தான் அது உயிர் வாழ வேண்டும். அந்தக் கசிவு ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் எட்டாது. உருண்டையாக வைத்தால் ஓரம் பிழைக்கும், நடு செத்துக் கரையும். நியூபர் சொன்ன அவரைக்கொட்டை ரகசியம் இதுதான்.

1990-களில் நியூயார்க் டாக்டர் சிட்னி கோல்மன் இதை ஒரு முறையாகவே வகுத்தார். உருண்டை வேண்டாம், பொட்டுப் பொட்டாக நடு என்றார். அதற்கு முன்பே, 1970-களில், பிரான்சில் இல்லூஸ் என்ற டாக்டர் மழுங்கிய குழாயால் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் வழியைக் காட்டியிருந்தார். ஆகவே எடுப்பதும் எளிதாயிற்று.

எப்படிச் செய்கிறார்கள், கேளுங்கள்.

வயிறு அல்லது தொடையில் முதலில் உப்பு நீரும் மரத்துப்போகும் மருந்தும் செலுத்துகிறார்கள். பிறகு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய குழாயை விட்டு, சிரிஞ்சால் மெதுவாக இழுக்கிறார்கள். மஞ்சளாகக் கொழுப்பு வருகிறது. கூடவே ரத்தமும் நீரும் எண்ணெயும் வருகின்றன.

அதைச் சுழல் யந்திரத்தில் வைக்கிறார்கள். கோல்மன் கணக்கு நிமிஷத்துக்கு 3,000 சுற்று, 3 நிமிஷம். தயிர் கடைந்தால் வெண்ணெய் தனியே திரள்கிறதல்லவா? இங்கேயும் மூன்று அடுக்காகப் பிரிகிறது. உடைந்த கொழுப்பின் எண்ணெய் மேலே. ரத்தமும் நீரும் கீழே. நடுவில் நிற்பதுதான் உயிருள்ள கொழுப்பு. மேலும் கீழும் கொட்டிவிட்டு நடுவிலிருப்பதை எடுத்துக்கொள்கிறார்கள்.

பிறகு நடவு! முனை மழுங்கிய குழாயைத் தோலுக்குள் விட்டு, வெளியே இழுத்துக்கொண்டே வரும்போது சிந்துகிறார்கள். ஒரு இழுப்புக்குப் பத்தில் ஒரு மில்லிக்கு மேல் போகக்கூடாது. கண்ணிமை ஓரத்தில் அதைவிடவும் குறைவு. ஆழத்தில் ஒரு வரிசை, நடுவில் ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை. நடவுப் பெண்கள் பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்களே, அதேதான்!

இரண்டு மூன்று வாரம் முகம் வீங்கியிருக்கும். அதைப் பார்த்து மயங்கக்கூடாது. மூன்று மாதம் கழித்து எது நிற்கிறதோ அதுதான் விளைச்சல். சிலருக்கு நிறைய நிற்கும், சிலருக்குக் கொஞ்சம். இரண்டாம் நடவு தேவைப்படுவதும் உண்டு. புகை பிடிப்பவர்களுக்குப் பயிர் பிடிப்பது கஷ்டம். ரத்தக் குழாய் சுருங்கிக் கிடந்தால் வாய்க்காலில் தண்ணீர் எப்படி வரும்?

இன்னொரு வேடிக்கை. வயிற்றுக் கொழுப்பு கன்னத்துக்கு வந்தாலும் தன் குணத்தை விடாது. ஆள் பருத்தால் அதுவும் கன்னத்திலேயே பருக்கும்!

முகம் காட்டிக்கொடுத்தது

இதெல்லாம் பணக்காரச் சீமாட்டிகளின் ஆடம்பரம்தானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2004-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி இந்திய சர்க்கார் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு இலவச மருந்து கொடுக்க ஆரம்பித்தது. சென்னைக்குப் பக்கத்தில் தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி முதல் சில மையங்களில் ஒன்று. சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். வேலைக்குப் போனார்கள்.

ஆனால் அந்த மருந்துகளில் ஸ்டாவுடின் என்று ஒன்று இருந்தது. மலிவானது, உயிரைக் காத்தது. கூடவே முகத்துக் கொழுப்பைத் தின்றது! உடம்பு தேறும். கன்னம் ஒட்டிப்போகும். பொட்டில் பள்ளம் விழும். பார்த்தவர்கள் கண்டுகொள்வார்கள். வாயால் யாரிடமும் சொல்லாத ரகசியத்தை முகம் தெருவில் சொல்லிவிடும்.

2009-ல் உலக சுகாதார நிறுவனம் இந்த மருந்தை விலக்கச் சொன்னது. பிறகு இந்தியாவிலும் விலக்கினார்கள். அதற்குள் ஒட்டிப்போன கன்னங்களை நிமிர்த்த, உலகத்தின் பல நாடுகளில் சொந்தக் கொழுப்பைத்தான் நட்டார்கள். சிலருக்கு அதுவும் முடியவில்லை. முகத்தில் மட்டுமா, உடம்பு முழுவதும் கொழுப்பு கரைந்திருந்தது. நாற்றங்காலே இல்லாவிட்டால் நடவு ஏது?

வேறொரு நோய் இருக்கிறது. சின்ன வயதிலேயே முகத்தின் ஒரு பாதி மட்டும் மெலிந்துகொண்டே போகும். 1825-ல் பாரி, 1846-ல் ரோம்பர்க் என்ற டாக்டர்கள் எழுதி வைத்ததால் அவர்கள் பெயரே அதற்கு. ஒரு கன்னம் இருபது வயது, மறு கன்னம் அறுபது வயது! இப்படிப்பட்ட ஒரு பெண்ணைப் பெற்ற வீட்டில் அது ஆடம்பரமா, அவசியமா? நோய் நின்ற பிறகு கொழுப்பு நட்டுப் பள்ளத்தை நிரப்புகிறார்கள். பல தடவை நட வேண்டியிருக்கும். நடுகிறார்கள்.

வேலூரில் டாக்டர் பால் பிராண்டு செய்ததை நம் நாட்டார் மறக்கக்கூடாது. 1946-ல் வந்தார். தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தினார். விரல் நிமிர்ந்தும் வேலை கொடுப்பார் இல்லை! காரணம், புருவம் உதிர்ந்த முகம். உடனே அவர் தலையிலிருந்து முடியோடு தோலை எடுத்து, ரத்தக் குழாய் அறாமல் உள்ளே வழி செய்து இழுத்து, புருவம் வைத்தார். தலைமுடி அல்லவா, வளர்ந்துகொண்டே இருக்கும். கத்தரிக்க வேண்டும். சில நோயாளிகள் கத்தரிக்க மறுத்து, பெருமையாக நீள வளர்த்துக்கொண்டார்களாம்!

2018-ல் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பெண்களுக்கு மார்பு சம்பந்தமான அழகு சிகிச்சையை இலவசமாகக் கொடுக்க சர்க்கார் தனிப் பிரிவு திறந்தது. உயிர் காக்கும் வைத்தியத்துக்குக் காசு இல்லாதபோது இது எதற்கு என்று சிலர் சீறினார்கள். ஏழைக்கு அழகு கூடாதா, நாம் கொடுக்காவிட்டால் கடன் வாங்கி ஆபத்தான இடத்துக்குப் போவார்கள் என்று மந்திரி பதில் சொன்னார். எனக்கு அப்போது அந்தப் பதில் பிடிக்கவில்லை. பெரியம்மாவின் தலையணை உறையிலிருந்து அந்த நோட்டீஸ் வெளியே வந்த பிறகு, கொஞ்சம் பிடிக்கிறது.

கண் போய்விடும்!

இனி நோட்டீசின் பொய்ப் பாதி.

முகத்தில் ஓடும் ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு சேர்ந்திருக்கின்றன. புருவ மத்தி, மூக்கின் மேல் பக்கம் இரண்டும் மிக ஆபத்தான இடங்கள். தெரியாத கை, கூரான ஊசியை அழுத்தி, ஒரே மூச்சில் கொழுப்பைத் தள்ளினால் அது குழாய்க்குள் நுழைந்து பின்னோக்கி ஓடிக் கண்ணை அடைத்துவிடும். ஒரு நொடியில் பார்வை போகும். போன பார்வை திரும்புவது மிக அபூர்வம். மூளைக்கே போய்ப் பக்கவாதம் வந்ததும் உண்டு. மருத்துவப் பத்திரிகைகளில் பதிவான சம்பவங்கள் இவை.

ஆகவே இது முகம் கழுவி மஞ்சள் பூசும் இடத்தில் செய்கிற வேலை அல்ல. ஆபரேஷன் அறை வேண்டும். பிளாஸ்டிக் சர்ஜரி படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர் வேண்டும். அவரிடம் பட்டத்தைக் கேட்பதில் வெட்கம் என்ன? மாடு வாங்கினால் பல்லைப் பார்ப்பதில்லையா?

"கொழுப்பில் ஸ்டெம் செல் இருக்கிறது, இளமையே திரும்பும்" என்று இன்னும் சிலர் கூவுகிறார்கள். கொழுப்பில் அந்த உயிரணுக்கள் இருப்பதை 2001-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் காட்டியது மெய்தான். ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் ஆராய்ச்சி முடிவதற்குள் வியாபாரம் முந்திக்கொண்டது. ரத்தம் சம்பந்தமான சில நோய்களைத் தவிர மற்றதற்கு ஸ்டெம் செல் சிகிச்சை இன்னும் நிலைநாட்டப்படவில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ம் வருஷத்து நெறிமுறைகள் சொல்கின்றன.

டாக்டர் சிரித்தார்

பெரியம்மாவைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனேன். எனக்குத் தெரிந்த ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர். பெரியப்பாவிடம் "பெரிய கோவிலுக்குப் போய் வருகிறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டோம். பொய் ஆகக்கூடாதே என்று கோவிலுக்கும் போனோம்.

டாக்டர் பெரியம்மாவின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். தொடையைக் கேட்டார். சிரித்துவிட்டார்.

"எடுக்கிறதுக்கு எங்கேம்மா கொழுப்பு இருக்கு? முப்பது வருஷம் நடவு நட்ட உடம்பு. ஒரு கரண்டி தேறாது!" என்றார்.

நோட்டீஸ்காரன் எதை எடுத்து எதில் வைப்பதாக இருந்தான் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

பிறகு டாக்டர், "வாயைத் திறங்கம்மா" என்றார்.

மேலே கடைவாய்ப் பல் ஒன்றுகூட இல்லை! கீழே இரண்டு. வெற்றிலையும் புகையிலையும் வேலை செய்திருந்தன. வலித்த பல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு வயலுக்குப் போயிருக்கிறார். பல் போனால் அதைத் தாங்கிய எலும்பும் தேயும். உள்ளே தாங்கல் இல்லாத கன்னம் உள்ளே விழும். பாதிப் பள்ளம் அதனால்தான்.

"முதலில் பல் செட் வைங்க. புகையிலையை விடுங்க. வெயிலுக்குத் தலையில் துண்டு போடுங்க. அப்புறமும் ஆசை இருந்தா வாங்க, பேசலாம்" என்று அனுப்பிவிட்டார். பீஸ் இருநூறு ரூபாய்.

பஸ்ஸில் பெரியம்மா வெகுநேரம் பேசவில்லை. அம்மாப்பேட்டை தாண்டியதும், "அந்த வீடியோக்காரப் பையன் மேல எனக்கு வருத்தமில்லே தம்பி. உங்க பெரியப்பாவும் சேர்ந்து சிரிச்சாரே" என்றார்.

இதற்கு எந்த டாக்டரிடம் போவது?

வீட்டுக்கு வந்து நான் பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் அவரே பெரியம்மாவைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனார். மூன்று நாலு தடவை அலைந்து, செட் வந்தது. கன்னம் இருபது வயதுக்குத் திரும்பவில்லை. ஆனால் நிமிர்ந்திருக்கிறது. பேச்சும் தெளிவாகியிருக்கிறது. முக்கியமாக, முறுக்கு கடிக்க முடிகிறது!

போன மாதம் போயிருந்தேன். கூடத்துச் சுவரில் கல்யாணப் போட்டோ பழைய இடத்துக்கு வந்துவிட்டது. பக்கத்தில் திருக்கடையூர் போட்டோ. அதற்கும் பக்கத்தில் வெறும் ஆணி ஒன்று அடித்திருந்தது.

"இது எதுக்குப் பெரியம்மா?" என்றேன்.

"எண்பதாம் கல்யாணத்துக்குப்பா. அதுக்கு வேற வீடியோக்காரனைச் சொல்லு" என்றார்.